அவஸ்தைப்பூசுதலா, நோயில்பூசுதலா?



திருச்சபையில் நாம் வழங்கும் சொற்கள் பல, எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளைக் கடந்து நம் தாய்மொழிக்கு வந்து சேர்ந்தவை. அவற்றின் பொருளை அறியாமலே நாம் வழங்கினாலும் பெரும்பாலும் தீங்கு ஒன்றும் விளைவதில்லை. ‘அல்லேலூயா’ என்பதற்கு ‘ஆண்டவரைப் புகழுங்கள்’ என்பது பொருள் என்று அறியாத குழந்தையும் அதை மகிழ்ச்சியோடுதான் பாடுகிறது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் நாம் தவறாக விளங்கிக்கொண்டதால், நம் உறவினர் பலர் தமக்குரிய ஆறுதலைப் பெறாமலே கண்மூடுகின்றனர். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்பதே அச்சொல்.

“சாமி, அம்மாவுக்கு இன்னும் நினைவு நன்றாகவே இருக்கிறது. இப்போது நீங்கள் எண்ணெயோடு வந்தால் பயந்துவிடுவார்கள். மிகவும் முடியாமல் போகும்போது சொல்லி அனுப்புகிறோம்.” பங்குப்பணியில் இருக்கும் எந்தக் குருவும் இத்தகைய பேச்சைக் கேட்டிருப்பார். இப்படிச் சொல்பவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள் அல்லர். பெற்றவளிடம் அன்பு அற்றவர்களும் அல்லர். தாயின் மனம் நோகக்கூடாதே என்னும் அன்பினால்தான் அவ்வாறு சொல்கிறார்கள். ஆனால், நினைவு நன்றாக இருக்கும்போதே தரப்படவேண்டிய ஒன்றை, நினைவு தப்பும்வரை தள்ளிவைக்கிறார்கள். இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது? சொற்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

அவஸ்தை என்றால் என்ன?

‘அவஸ்தை’ என்பது வடமொழிச் சொல். ‘நிலை’ என்பதே அதன் முதற்பொருள். நனவு, கனவு, உறக்கம் முதலிய நிலைகளை நம் நாட்டு மெய்யியல் நூல்கள் ‘அவத்தை’ என்றே குறிப்பிடுகின்றன. பேச்சுவழக்கில் அது துன்பநிலையைக் குறிக்கலாயிற்று. பல்வலியால் துடிப்பவரும், பேருந்து கிடைக்காமல் வெயிலில் நிற்பவரும் “ஒரே அவஸ்தை” என்று சொல்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அவ்வாறு சொல்பவர் எவரும் தாம் சாகப்போவதாக நினைப்பதில்லை.

ஆகவே, அச்சொல்லை மட்டும் நோக்கினால், ‘துன்புறுவோருக்குப் பூசுதல்’ என்றே பொருள் கொள்ளலாம். நாமோ ‘மரண அவஸ்தை’ என்னும் தொடரை மனத்தில் வைத்து, மூச்சு இழுக்கும் வேளைக்கு உரியது இது என்று முடிவுகட்டிவிட்டோம்.

பழைய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஏழு தேவதிரவிய அனுமானங்களை அவர்கள் ஒப்புவித்த வரிசை இது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம், மெய்விவாகம். இவ்வரிசையில் அவஸ்தைப்பூசுதல் ஐந்தாவதாக நிற்கிறதேயன்றிக் கடைசியாக அன்று. பெரியோர்கள் இதைக் கவனித்தால் புன்னகை செய்வார்கள், சிந்திக்கவும் செய்வார்கள்.

யாக்கோபு வழங்கிய சொற்கள்

இந்த அருளடையாளத்தின் விவிலிய அடிப்படை, நம் முன்னோர் இயாகப்பர் என்று அழைத்த யாக்கோபின் திருமுகத்தில் உள்ளது (5:14-15). அவர் எழுதிய கிரேக்கச் சொற்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ‘அஸ்தெனேயோ’. ‘வலுவிழந்திருத்தல்’ என்பது இதன் நேர்ப்பொருள். உங்களுள் ஒருவர் நோயுற்றிருந்தால் என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள சொல் இதுவே. சாகும் தறுவாயில் உள்ளவர் என்று யாக்கோபு எழுதவில்லை. படுக்கையில் விழுந்து, எழுந்து நடமாட வலுவற்றவரையே அவர் கருதுகிறார்.

இரண்டாவது, ‘அழைக்கட்டும்’ என்னும் சொல். யார் அழைக்கவேண்டும்? உறவினரா? அண்டை வீட்டாரா? நோயுற்றவரே திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறார் யாக்கோபு. அப்படியானால் அழைப்பதற்கு அவருக்கு நினைவு வேண்டும். நாவில் பேச்சு வேண்டும். இறைவேண்டலில் பங்குகொள்ள விருப்பம் வேண்டும். நினைவிழந்தவர் யாரை அழைக்கக்கூடும்? இந்த ஒரு சொல்லே நம் தயக்கத்திற்குப் போதிய மறுமொழி ஆகும். அங்கே ‘மூப்பர்கள்’ எனப்படுவோர் ‘பிரஸ்பித்தெரோய்’. குருக்களைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் சொற்கள் இதிலிருந்தே பிறந்தன.

மூன்றாவது, ‘சோசோ’. விசுவாசமுள்ள வேண்டல் நோயுற்றவரைக் குணமாக்கும் அல்லது மீட்கும் என்னும் இடத்தில் இது வருகிறது. கிரேக்கத்தில் உடல்நலம் தருவதற்கும் மீட்பளிப்பதற்கும் இந்த ஒரே சொல் பயன்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணிடம், அவளுடைய விசுவாசம் அவளைக் குணமாக்கிற்று என்று ஆண்டவர் கூறியபோதும் (மாற்கு 5:34), மரியாளின் மகன் தம் மக்களைப் பாவங்களிலிருந்து மீட்பார் என்று வானதூதர் யோசேப்புக்கு அறிவித்தபோதும் (மத்தேயு 1:21) நற்செய்தியாளர் வழங்கிய சொல் இதுவே. உடலைத் தனியாகவும் ஆன்மாவைத் தனியாகவும் பிரித்து வைக்காமல், முழு மனிதரையும் தாங்கும் சொல் அது.

நான்காவது, ‘எகெய்ரோ’. ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார் என்னும் இடத்தில் உள்ளது. காய்ச்சலாய்க் கிடந்த சீமோனின் மாமியாரை இயேசு கைதூக்கி எழுப்பியபோது மாற்கு இச்சொல்லையே எழுதினார் (1:31). வெறுமையான கல்லறையில் நின்ற பெண்களுக்கு, இயேசு உயிர்த்தெழுந்தார் என்று அறிவிக்கப்பட்டதும் இதே சொல்லால்தான் (16:6). நோயாளியின் கட்டிலருகே உயிர்ப்பின் சொல் ஒலிக்கிறது. அந்த நோயாளி எழுந்து சமையலறைக்குப் போகலாம். அல்லது தந்தையின் இல்லத்திற்குப் போகலாம். எவ்வழியாயினும் எழுப்புகிறவர் ஆண்டவரே.

எண்ணெயும் கிறிஸ்துவும்

எண்ணெயைக் கண்டு அஞ்சுவோர், நம் ஆண்டவரின் பெயரையே சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். எபிரேயத்தில் ‘மெசியா’ என்றாலும், கிரேக்கத்தில் ‘கிறிஸ்து’ என்றாலும் ‘எண்ணெய் பூசப்பெற்றவர்’ என்பதே பொருள். அந்தியோக்கியாவில் சீடர்களுக்கு முதன்முதலாகக் ‘கிறிஸ்தவர்கள்’ என்னும் பெயர் வழங்கிற்று (திருத்தூதர் பணிகள் 11:26). திருப்பூசுதல் பெற்றவருக்கு உரியவர் என்னும் பொருளை ஏந்திய அப்பெயரையே நாம் இன்றும் தாங்கியிருக்கிறோம். சாமுவேல் இளைஞன் தாவீதின் தலையில் வார்த்தது எண்ணெய். நல்ல சமாரியர் வழியில் கிடந்தவனின் காயங்களில் வார்த்தது எண்ணெயும் திராட்சை மதுவும். ஆண்டவர் பன்னிருவரையும் அனுப்பியபோது, அவர்கள் நோயாளர் பலர்மேல் எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் (மாற்கு 6:13). ஆண்டவர் இரத்தவியர்வை வியர்த்த ‘கெத்சமனி’ என்னும் இடப்பெயருக்கும் ‘எண்ணெய்ச் செக்கு’ என்பதே பொருள். நமக்காக அங்கே நசுக்கப்பட்டவர், நோயாளியின் நெற்றியைத் தொட எண்ணெயைத் தேர்ந்துகொண்டது பொருத்தமன்றோ!

கீழைத் திருச்சபையினர் இந்த அருளடையாளத்தை ‘எவ்கெலாயியோன்’ என்கின்றனர். ‘வேண்டுதலின் எண்ணெய்’ என்பது அதன் பொருள். அப்பெயரில் சாவின் நிழல் சிறிதும் இல்லை. நம் தமிழ் மண்ணிலும் எண்ணெய் சாவின் சின்னம் அன்று. பிறந்த குழந்தையின் உடலில் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டும் பாட்டியின் கையை அறியாதவர் யார்? நோவெடுத்த மூட்டில் தடவுவதும், தலை சூட்டுக்குத் தேய்ப்பதும் எண்ணெயே.

‘கடைசி’ என்னும் அடைமொழி வந்த வழி

தொடக்க நூற்றாண்டுகளில் இந்த எண்ணெயை எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. 416-ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட், கூபியோ நகர ஆயர் தெசென்சியுசுக்கு எழுதிய மடலில், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமின்றி இறைமக்களும் தம்முடைய தேவைக்கும் தம் வீட்டாரின் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டார். பிற்காலத்தில் பூசுதல் குருக்களுக்கு மட்டும் உரியதாயிற்று. இன்றும் குருவே இதன் திருப்பணியாளர்.

பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பாவத்திற்குரிய தவமுயற்சி மிகக் கடுமையாக இருந்த காலத்தில், பலர் ஒப்புரவை மரணப்படுக்கைவரை ஒத்திவைத்தனர். அதனோடு சேர்ந்தே வந்த பூசுதலும் மரணப்படுக்கைக்குச் சென்றுவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் பேதுரு லொம்பார்து என்னும் இறையியலார் ஏழு அருளடையாளங்களை வரிசைப்படுத்தியபோது, இதற்கு ‘இறுதிப் பூசுதல்’ என்னும் இலத்தீன் பெயரை வழங்கினார். திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் பெறும் பூசுதல்களுக்குப் பின் வருவதால் ‘இறுதி’ என்று விளக்கம் கூறியவர்கள் உண்டு. மக்களோ ‘சாவுக்கு முந்தியது’ என்று கொண்டனர். இதைப் பெற்றுப் பிழைத்தவர் இனி இல்லறம் நடத்தக்கூடாது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது, இறைச்சி உண்ணக்கூடாது என்றெல்லாம் ஐரோப்பாவில் மூடநம்பிக்கைகள் பரவின. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மறைமாவட்டச் சங்கங்கள் இவற்றைக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

1551-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம் இதுபற்றிப் போதனை வெளியிட்டது. அதன் முதல் வரைவில், சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு ‘மட்டுமே’ என்னும் கருத்து எழுதப்பட்டிருந்தது. சங்கத் தந்தையர் அச்சொல்லை நீக்கி, நோயாளர்களுக்கு, அதிலும் ‘சிறப்பாக’ ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு என்று திருத்தினர். அந்த ஒரு சொல், கதவை முழுவதும் அடைத்துவிடாமல் காத்தது.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சட்டத்தொகுப்பு (எண் 73) அக்கதவை அகலத் திறந்தது. ‘இறுதிப் பூசுதல்’ எனப்படுவதை ‘நோயில்பூசுதல்’ என்று அழைப்பதே மேலும் தகும் என்றும், இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று என்றும், நோயினாலோ முதுமையினாலோ ஒருவர் ஆபத்தான நிலையை அடையத் தொடங்கும்போதே இதைப் பெறுவதற்குரிய காலம் வந்துவிட்டது என்றும் அது கற்பித்தது. ‘தொடங்கும்போதே’ என்னும் சொல்லை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். 1972 நவம்பர் 30-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் (ஆறாம் பவுல்) புதிய சடங்குமுறைக்கு ஒப்புதல் அளித்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் எனப் பல உறுப்புகளில் பூசப்பட்ட எண்ணெய், இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசப்படுகிறது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தவும் அவர் இசைவு தந்தார்.

அப்படியானால் கட்டுச்சோறு எது?

“சாகிறவர்களுக்கென்று திருச்சபையில் ஒன்றும் இல்லையா?” என்று ஒருவர் வினவலாம். உண்டு. அது நற்கருணை. மரணவேளையில் தரப்படும் நற்கருணைக்கு இலத்தீனில் ‘வியாத்திக்கும்’ என்று பெயர். பயணத்திற்கு வேண்டிய உணவும் பணமும் என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் ‘வழியுணவு’ என்கிறோம். நெடும்பயணம் போகிறவருக்கு நம் வீட்டுப் பெண்கள் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோற்றை நினைத்துக்கொண்டால் பொருள் தெளிவாக விளங்கும். 325-ஆம் ஆண்டிலேயே நிசேயா பொதுச்சங்கம், இறக்கும் நிலையில் உள்ள எவருக்கும் இந்த வழியுணவை மறுக்கலாகாது என்று விதித்தது.

ஆகவே முறையான வரிசை இது: முதலில் ஒப்புரவு, அடுத்துப் பூசுதல், இறுதியாக வழியுணவு. இடைக்காலத்தில் இவ்வரிசை மாறிப் பூசுதல் கடைசிக்குச் சென்றது. வத்திக்கான் சங்கம் பழைய வரிசையை மீண்டும் நிலைநிறுத்தியது. ‘கடைசி’ என்னும் அடைமொழி எதற்கேனும் உரியதென்றால், அது வழியுணவுக்கே உரியது. அதையும் விழுங்கும் வலு இருக்கும்போதுதானே கொடுக்கமுடியும்?

தாமதத்தின் விலை

சில ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர் அவ்வீட்டுப் பெரியவர். நான் சென்று சேர்ந்தபோது உடலில் சூடு அடங்கியிருந்தது. தாடையைக் கட்டியிருந்தார்கள். “சாமி, இப்போது பூசலாமா?” என்று மகன் கேட்டான். இறந்தவர்களுக்கு இந்த அருளடையாளம் வழங்கப்படுவதில்லை. அவர்களுக்காக மன்றாடவே திருச்சபை கற்பிக்கிறது. நாங்கள் எல்லாரும் முழந்தாளிட்டு வேண்டினோம். இறைவனின் இரக்கம் எண்ணெயோடு நின்றுவிடுவதன்று என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அது உண்மையே. எனினும் அந்த மூன்று மாதங்களில் தம் மனத்தில் இருந்ததை இறைவன் திருமுன் சொல்லவும், மன்னிப்பின் சொல்லைத் தம் காதால் கேட்கவும், மகனோடு சேர்ந்து ‘ஆமென்’ சொல்லவும் அப்பெரியவருக்கு எத்தனையோ நாள்கள் இருந்தன.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கண்டேன். இருதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்லவிருந்த ஒருவர், முந்திய நாள் மாலைத் திருப்பலிக்குத் தாமே நடந்துவந்தார். ஒப்புரவு செய்தார். பின்னர் மனைவி மக்கள் சூழ நின்று நெற்றியையும் கைகளையும் நீட்டி எண்ணெய் பூசப்பெற்றார். “நடந்து வருகிறவருக்கா பூசுகிறார்கள்?” என்று சிலர் வியந்தனர். அவரோ, “இனி டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும், என் பாரத்தை ஆண்டவரிடம் வைத்துவிட்டேன்” என்று சொல்லி அமைதியாகப் புறப்பட்டார். அவர் முகத்தில் கண்ட அமைதியே அந்த அருளடையாளத்தின் பலன்களுள் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

மருத்துவத்திற்கு மாற்றாக இதைக் கொள்ளலாகாது என்பதையும் சொல்லவேண்டும். நோயுற்றவர் இறைவனை வேண்டவும் வேண்டும், மருத்துவருக்கு இடந்தரவும் வேண்டும் என்று சீராக்கின் ஞானநூல் (38-ஆம் அதிகாரம்) இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது.

யார், எப்போது, எவ்வாறு?

திருச்சபைச் சட்டமும் (1983) சடங்குமுறையும் கூறுவன இவை. புத்தி விவரம் அடைந்த சிறுவர் முதல் முதியோர்வரை, நோயினால் ஆபத்தான நிலைக்கு உள்ளாகத் தொடங்கும் எவரும் பெறலாம். கடுமையான நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோர் அதற்கு முன்பே பெறலாம். தனிப்பட்ட நோய் இல்லாவிடினும் முதுமையால் மிகவும் தளர்ந்தவர்கள் பெறலாம். சாதாரணச் சளிக்கும் தலைவலிக்கும் இதை நாடவேண்டியதில்லை. ஒருமுறை பெற்றவர் குணமடைந்து மீண்டும் நோயுற்றாலோ, அதே நோய் மேலும் கடுமையானாலோ திரும்பவும் பெறலாம். நினைவிழந்தவர், நினைவோடு இருந்தபோது விரும்பியிருப்பார் என்று கொள்ளக்கூடுமாயின் அவருக்கும் வழங்கப்படும். உயிர் பிரிந்துவிட்டதா என்ற ஐயம் இருந்தாலும் வழங்கப்படும். ஆகவே, தாமதமாகிவிட்டதே என்று எண்ணிக் குருவை அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குருவுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். எனவே சேர்ப்பதற்கு முன்பே, வீட்டிலோ கோவிலிலோ பெறச் செய்வது நன்று. வீட்டில் நோயாளியின் அருகே ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் தீர்த்தமும் வையுங்கள். ஒப்புரவு வேளையில் மட்டும் வெளியே சென்று, பின்னர் வீட்டார் அனைவரும் உள்ளே வந்து வேண்டுதலில் சேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்து நிறுத்துங்கள். பாட்டியின் நெற்றியில் எண்ணெய் பூசப்படுவதைக் கண்டு பாட்டியும் புன்னகை செய்வதைக் கண்ட பேரன், வளர்ந்தபின் இந்தச் சொல்லைக் கேட்டு அஞ்சமாட்டான்.

நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதே பலருக்கும் தடையாக இருக்கிறது. “உங்களுக்கு அவஸ்தை கொடுக்கச் சாமியாரைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டால் எவரும் நடுங்குவர். “அம்மா, நீங்கள் சோர்ந்து போயிருக்கிறீர்கள். சாமி வந்து உங்களுக்காக வேண்டிக்கொண்டு, நோயில்பூசுதல் கொடுத்து, நன்மையும் தருவார். நாங்களும் கூட இருக்கிறோம்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும், நீங்கள் கேட்பதற்காகவே அவர்கள் காத்திருந்தார்கள் என்பதை அறிவீர்கள். தம் நிலை நோயாளிக்குத் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்குத் தெரியும். நம் மனம் நோகக்கூடாதென்று அவர்களும் மௌனம் காக்கிறார்கள்.

1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலக நோயாளர் தினத்தை ஏற்படுத்தினார். அது 1993 முதல் ஆண்டுதோறும் லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-இல் நினைவுகூரப்படுகிறது. அந்நாளில் பல பங்குகளில் நோயாளரும் முதியோரும் கோவிலில் கூடி இந்த அருளடையாளத்தைப் பெறுகின்றனர். உங்கள் வீட்டில் தளர்ந்திருக்கும் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வாருங்கள். வர இயலாதவர்களின் பெயரைப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்; அவர் வீடு தேடி வருவார்.

சொற்களைத் திருத்திக்கொள்வது புலவர்களின் வேலை என்று விட்டுவிடவேண்டாம். இந்த ஒரு சொல்லையாவது உங்கள் வீட்டுப் பேச்சில் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். ‘நோயில்பூசுதல்’ என்று சொல்லுங்கள், காலத்தோடு அழையுங்கள். நோயுற்றோரைக் கைதூக்கி எழுப்பும் ஆண்டவர், உங்கள் இல்லங்களிலும் நுழைந்து, தளர்ந்தவர்களின் நெற்றியைத் தம் கையால் தொட்டருள்வாராக.